முறைப்பெண்ணை மணந்த விஞ்ஞானி

1838-ம் ஆண்டு, ஜூலை மாதம்.

இங்கிலாந்தில் ஒரு வீடு. 29 வயது வாலிபர் ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

தாளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கத்தில், கல்யாணம் செய்துகொண்டால் என்ன லாபம் என்று எழுதினார். மறு பக்கத்தில், செய்துகொள்ளாவிட்டால் என்ன லாபம் என்று எழுதினார். கடைக்காரர் வரவு செலவு எழுதுவதுபோல் எழுதிக்கொண்டே போனார்.

மணம் புரிந்தால் நேரம் வீணாகும். புத்தகம் வாங்கப் பணம் மிஞ்சாது. உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்வர வேண்டும். பிள்ளைகளுக்காகச் செலவும் கவலையும் உண்டு.

மணம் புரியாவிட்டாலோ, வயதான காலத்தில் துணை இல்லை. வீட்டில் பாட்டு இல்லை, பேச்சு இல்லை. ஒரு நாயை வளர்ப்பதைவிட மனைவி மேல் அல்லவா என்றுகூட எழுதினார்!

முடிவில் கணக்குத் தீர்ந்தது. கல்யாணம், கல்யாணம், கல்யாணம் என்று மூன்று முறை எழுதி முடித்தார்.

அந்த வாலிபர்தான் சார்லஸ் டார்வின். உயிர்கள் எல்லாம் பழைய உயிர்களிலிருந்து படிப்படியாக மாறி வந்தவை என்று பின்னால் எழுதி, உலகத்தையே உலுக்கிய விஞ்ஞானி. அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிப் புத்தகங்கள் ஏராளம். அவர் எப்படிப்பட்ட புருஷர், எப்படிப்பட்ட தகப்பனார், எப்படிப்பட்ட தாத்தா என்பது பலருக்குத் தெரியாது.

தாய் மாமன் செய்த உதவி

டார்வின் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ராபர்ட் டார்வின் பெயர் பெற்ற டாக்டர். தாயார் சூசன்னா, புகழ்பெற்ற வெட்ஜ்வுட் பீங்கான் தொழிற்சாலைக் குடும்பத்துப் பெண்.

டார்வினுக்கு 8 வயதாக இருக்கும்போதே தாயார் இறந்துவிட்டார். அதன் பிறகு தாய் மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டின் வீடு அவருக்கு இன்னொரு வீடாயிற்று. அங்கே போனால் வேட்டை உண்டு, சிரிப்பு உண்டு, மாமன் பிள்ளைகள் உண்டு.

1831-ம் ஆண்டில், பீகிள் என்ற கப்பலில் உலகம் சுற்றிவர டார்வினுக்கு அழைப்பு வந்தது. தகப்பனார் கூடாது என்றார். பயனற்ற பயணம், பையன் உருப்படமாட்டான் என்பது அவருடைய எண்ணம். ஆனால் விவரம் தெரிந்த ஒருவராவது போகலாம் என்று சொன்னால் சம்மதிப்பதாகச் சொல்லிவைத்தார்.

டார்வின் நேரே மாமாவிடம் போனார். மாமா, டாக்டரின் ஆட்சேபங்கள் எட்டையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். டாக்டர் இறங்கிவந்தார். மருமகன் கப்பல் ஏறினார். மாமா அன்று பேனாவைத் தொடாமல் இருந்திருந்தால் டார்வின் ஒரு கிராமத்துப் பாதிரியாராகியிருப்பார். படித்த படிப்பு அதற்குத்தான்!

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1836-ம் ஆண்டு அக்டோபரில் அவர் திரும்பிவந்தார். அப்புறம்தான் அந்தக் கல்யாணக் கணக்கு.

பெண்ணைத் தேடி அவர் ஊர் ஊராக அலையவில்லை. அதே மாமா வீட்டுக்குப் போனார். மாமன் மகள் எம்மாவைக் கேட்டார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் முறைப்பெண். அவரைவிட ஏறக்குறைய ஒன்பது மாதம் மூத்தவர். எம்மாவின் அண்ணன் ஏற்கனவே டார்வினின் அக்காளை மணந்திருந்தார். ஆகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம்!

1839-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி கல்யாணம் நடந்தது.

மனைவி எழுதிய கடிதம்

எம்மா படித்தவர். பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். பெரிய இசை மேதை ஷோப்பினிடமே சில பாடங்கள் கற்றவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுள் பக்தியும் மிகுந்தவர்.

டார்வினுக்கோ அப்போதே மத விஷயத்தில் சந்தேகங்கள் முளைத்திருந்தன. கல்யாணத்துக்கு முன் தகப்பனார் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். சந்தேகங்களை மனைவியிடம் சொல்லாதே, சொன்னால் குடும்பத்தில் துன்பம் வரும் என்பதே அந்த யோசனை. உலக அனுபவம் உள்ளவர் சொன்ன சொல்தான். ஆனால் டார்வினால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் எம்மாவிடம் சொல்லிவிட்டார்.

எம்மா கலங்கினார். மணமான சில நாட்களுக்குள் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் இருக்கிற புருஷனுக்குக் கடிதம்! வாயால் சொல்ல முடியாததை எழுத்தால் சொன்னார். நிரூபித்தால்தான் நம்புவேன் என்கிற விஞ்ஞானப் பழக்கம், நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்களைப் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்பது அவருடைய கவலை. இறந்த பிறகும் இருவரும் சேர்ந்தே இருப்போம் என்ற நம்பிக்கை கைநழுவிப் போகுமோ என்று அவர் பயந்தார்.

டார்வின் கோபிக்கவில்லை. வாதாடவும் இல்லை. கடிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். ஆயுள் முழுவதும் வைத்திருந்தார்.

அவருடைய கருத்து மாறவில்லை. எம்மாவின் பக்தியும் போகவில்லை. ஒரே கூரையின் கீழ் 43 ஆண்டுகள் இருவரும் வாழ்ந்தார்கள்.

1844-ம் ஆண்டில் டார்வின் தமது கொள்கையைச் சுமார் 230 பக்கங்களில் எழுதி முடித்தார். வெளியிடத் துணிவு வரவில்லை. தாம் திடீரென்று இறந்துவிட்டால் அதை அச்சிடும் பொறுப்பை யாரிடம் விடுவது? நண்பர்களிடம் விடவில்லை. எம்மாவிடம் விட்டார்! 400 பவுன் செலவழித்து அதை வெளியிட வேண்டும் என்று எழுதிவைத்தார். தன் நம்பிக்கைக்கு எதிரான நூலாக இருந்தாலும் எம்மா கணவர் சொல்லைத் தட்டமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

பெயர்தான் டவுன்

1842-ம் ஆண்டு செப்டம்பரில் குடும்பம் லண்டனை விட்டுக் கிளம்பியது. 16 மைல் தள்ளி ஒரு சிறு கிராமத்தில் குடியேறியது. ஊரின் பெயர் டவுன். பெயர்தான் டவுன், ஊர் பட்டிக்காடு!

டார்வினுக்கு உடல் நலம் கெட்டிருந்தது. ஓயாத வாந்தி, தலைவலி, நடுக்கம். என்ன நோய் என்று இன்றுவரை டாக்டர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். குடும்பச் சொத்து இருந்ததால் சம்பாதிக்கப் போக வேண்டிய அவசியம் இல்லை. வீடே உலகம். எம்மாவே நர்ஸ்.

மாலையில் எம்மா பியானோ வாசிப்பார். கதைப் புத்தகம் படித்துக் காட்டுவார். சோகமாக முடியும் கதை டார்வினுக்கு ஆகாது. அப்படிப்பட்ட கதைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார்.

இரவு தவறாமல் இரண்டு ஆட்டம். பாக்கமன் என்று பெயர். நம் தாயத்தைப்போல் உருட்டிக் காய் நகர்த்துவது. அதிலும் விஞ்ஞானி கணக்கு வைத்திருந்தார்! 1876-ம் ஆண்டு வரை எம்மா ஜெயித்தது 2,490 ஆட்டம்; தாம் ஜெயித்தது 2,795 ஆட்டம் என்று அமெரிக்க நண்பர் ஒருவருக்குப் பெருமையாக எழுதினார்.

லஞ்சம் கொடுத்த மகன்

இந்தத் தம்பதிக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்தன. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் தகப்பனாரிடம் அதிகமாக நெருங்கமாட்டார்கள். டார்வின் வீட்டில் நிலைமை வேறு. மாடிப்படியில் பலகையைச் சாய்த்துச் சறுக்கி விளையாடுவார்கள். கத்தரிக்கோல் வேண்டும், நூல் வேண்டும் என்று ஆராய்ச்சி அறைக்குள் ஓடிவருவார்கள். ஐந்தாவது முறை, ஆறாவது முறை வரும்போதுதான் டார்வின் கெஞ்சுவார். அதட்டமாட்டார்.

நாலு வயதுப் பையன் ஒருவன், வேலை நேரத்தில் அப்பா விளையாட வரவில்லையே என்று பார்த்தான். ஆறு பென்ஸ் காசைக் காட்டி, வந்தால் தருவதாகச் சொன்னான். அப்பாவுக்கே லஞ்சம்!

இன்னொரு நாள் மகன் லியனார்டு புது சோபாவின் மேல் குதித்துக்கொண்டிருந்தான். சோபாவில் குதிக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அப்பா உள்ளே வந்து, இது சட்டத்துக்கு விரோதம் ஆயிற்றே என்றார். அப்படியானால் நீங்கள் அறையை விட்டு வெளியே போவதுதான் நல்லது என்றான் பையன். அவ்வளவுதான் அந்த வீட்டு அதட்டல்.

ஒட்டுச் சிப்பி போலப் பாறையிலும் கப்பல் அடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும் சிறு கடல் பிராணிகளை டார்வின் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். பிள்ளைகள் பிறந்தது முதல் அதையே பார்த்தார்கள். எல்லா அப்பாவும் அதைத்தான் செய்வார் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர் தம்முடைய ஒட்டுப் பிராணிகளை எங்கே வைத்துச் செய்கிறார் என்று ஒரு குழந்தை கேட்டதாம்!

தோட்டத்தில் வண்டுத்தேனீக்கள் பறக்கும் வழியைக் கண்டுபிடிக்கவும் பிள்ளைகளே உதவி ஆட்கள். ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். வண்டு வந்ததும் கத்துவார்கள். அப்பா குறித்துக்கொள்வார்.

தாள்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. டார்வினின் தலைசிறந்த நூலின் கையெழுத்துத் தாள்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. சில மட்டும் தப்பின. காரணம், அவற்றின் பின்புறம் பிள்ளைகள் படம் வரைந்திருந்தார்கள். ஒரு தாளில் கத்தரிக்காய் வீரனும் காரட் வீரனும் சண்டை போடுகிறார்கள்!

ஆன்னி

மூத்தவன் வில்லியம். அடுத்தவள் ஆன்னி. 1841-ம் ஆண்டில் பிறந்தவள்.

அவள் அப்பாவின் செல்லம். நாற்காலிக்குப் பின்னால் நின்று அரை மணி நேரம் அப்பாவின் தலைமயிரைச் சீவி அழகு பார்ப்பாள். அப்பா தோட்டத்து மணல் பாதையில் நடக்கும்போது முன்னால் சுழன்று ஆடிக்கொண்டே போவாள். டார்வினுக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. அதைக் குறைக்க வேண்டும் என்று டப்பாவை எட்டத்தில் வைத்திருந்தார். ஆன்னி யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு, சிரித்த முகத்துடன் ஓடிவந்து கொடுப்பாள்.

1850-ம் ஆண்டு கோடைகாலத்தில் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. மெலிந்துகொண்டே வந்தாள். அடுத்த மார்ச் மாதம், மால்வெர்ன் என்ற ஊருக்கு டார்வினே அவளை அழைத்துச் சென்றார். தண்ணீர் வைத்தியத்துக்குப் பெயர் போன ஊர் அது. டார்வினுக்கே அங்கே குணம் தெரிந்திருந்தது. மகளை டாக்டரிடம் விட்டுத் திரும்பினார்.

ஏப்ரலில் அவசரச் செய்தி வந்தது. டார்வின் பறந்தோடினார். எம்மாவால் போக முடியவில்லை. அவர் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

மகளின் கட்டில் அருகே உட்கார்ந்து டார்வின் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள், வாந்தி நின்றது, மறுபடி காய்ச்சல் என்று எல்லாம் எழுதினார். ஒவ்வொரு கடிதமும் எம்மாவின் கைக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆகும். தேறுகிறாள் என்ற கடிதத்தைத் தாயார் படித்து மகிழும் நேரத்தில் அங்கே நிலைமை மாறியிருக்கும்.

1851-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி நண்பகலில் ஆன்னி கண்ணை மூடினாள். வயது பத்து.

மகளின் சவ அடக்கத்துக்கு டார்வின் இருக்கவில்லை. உறவினரிடம் பொறுப்பை விட்டு, பிரசவத்துக்குக் காத்திருக்கும் மனைவியிடம் ஓடினார். மூன்று வாரத்தில் ஹோரஸ் பிறந்தான்.

மகள் இறந்து ஒரு வாரத்தில், அவளைப் பற்றி நினைவில் உள்ளதையெல்லாம் டார்வின் எழுதி வைத்தார். மூக்குப்பொடிச் சங்கதி அதில்தான் இருக்கிறது. அதன் பிறகு ஆன்னியைப் பற்றி அந்த வீட்டில் வாய்விட்டுப் பேசுவது அபூர்வம். கடவுள் விஷயத்தில் டார்வினுக்கு மிச்சம் இருந்த நம்பிக்கையும் அந்தச் சாவோடு போயிற்று என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். எம்மா அதே துக்கத்தைச் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுடன் தேவாலயத்துக்குப் போனார்.

12 ஆண்டுகள் கழித்து, 1863-ல் டார்வினின் வைத்தியத்துக்காகக் குடும்பம் மறுபடி மால்வெர்னுக்குப் போனது. எம்மா கல்லறையைத் தேடிப் போனார். முதலில் இடம் தெரியவில்லை. விசாரித்துத் தேடித்தான் கண்டுபிடித்தார்.

பத்து நாளில் இரண்டு அடி

1858-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி. மலாய்த் தீவுகளிலிருந்து வாலஸ் என்ற விஞ்ஞானியின் கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்த டார்வின் திகைத்தார். அவர் 20 ஆண்டுகளாக மூடிவைத்திருந்த அதே கொள்கை, வேறொருவர் கையெழுத்தில்!

வேறு எவராவது இருந்தால் அந்த நிமிஷமே லண்டனுக்கு ஓடியிருப்பார். டார்வின் ஓடவில்லை. வீட்டில் கடைசிக் குழந்தைக்கு விஷக் காய்ச்சல். ஒன்றரை வயதாகியும் நடையும் பேச்சும் வராத பிள்ளை. எம்மாவுக்கு 48 வயதில் பிறந்தவன். எல்லாவற்றையும் நண்பர்களிடம் ஒப்படைத்துவிட்டு டார்வின் குழந்தையின் பக்கத்தில் இருந்தார். ஜூன் 28-ந் தேதி குழந்தை இறந்தது.

ஜூலை 1-ந் தேதி லண்டன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவர் கட்டுரைகளும் சேர்த்துப் படிக்கப்பட்டன. உலகச் சிந்தனையில் பெரிய நாள். டார்வின் அங்கே இல்லை. கிராமத்துக் கல்லறையில் குழந்தையை அடக்கம் செய்துகொண்டிருந்தார்.

மறு ஆண்டு நவம்பர் 24-ந் தேதி, உயிரினங்களின் தோற்றம் பற்றிய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. அச்சிட்ட 1,250 பிரதிகளையும் வியாபாரிகள் போட்டி போட்டுக் கேட்டார்கள். பிறகு நடந்த சண்டைகள் உலகம் அறிந்தவை.

உறவில் மணந்தது தவறா?

பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் சிறு வயதில் போனார்கள். மற்றவர்களும் அடிக்கடி படுத்துக்கொண்டார்கள். டார்வினை ஒரு கவலை அரித்தது. மாமன் மகளைக் கட்டியதால்தான் பிள்ளைகள் நோஞ்சானாக இருக்கிறார்களோ?

அவர் சும்மா இருக்கவில்லை. செடிகளில் சோதித்தார். தன் மகரந்தத்தாலேயே கருவுற்ற செடிகளின் வாரிசுகள் பெரும்பாலும் பலம் குறைந்திருப்பதைக் கண்டார். 1871-ம் ஆண்டு ஜனக் கணக்கெடுப்பில், உறவில் மணந்தவர்களைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்கும்படி பார்லிமெண்டில் உள்ள நண்பர் மூலம் முயன்றார். பார்லிமெண்ட் மறுத்துவிட்டது. பிறகு மகன் ஜார்ஜே அதை ஆராய்ந்து 1875-ல் முடிவை வெளியிட்டான். பயந்த அளவுக்குத் தீங்கு தென்படவில்லை என்பது அவன் கண்டது. நெருங்கிய உறவில் மணந்தால் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள்.

நோஞ்சான் என்று அவர் கவலைப்பட்ட பிள்ளைகளில் ஜார்ஜ், பிரான்சிஸ், ஹோரஸ் மூவரும் பெரிய விஞ்ஞானிகளாகி சர் பட்டம் பெற்றார்கள்! லியனார்டு 93 வயது வரை வாழ்ந்தார்.

வளர்ந்த பிள்ளைகளிடமும் டார்வின் அப்படித்தான். ஜமைக்காத் தீவில் நீக்ரோ மக்களைக் கொன்று குவித்த கவர்னர் மீது வழக்குத் தொடர ஒரு கமிட்டி அமைந்திருந்தது. அடிமைத்தனத்தை அடியோடு வெறுத்த டார்வின் அதற்குப் பணம் கொடுத்திருந்தார். மூத்த மகன் வில்லியம் அந்தக் கமிட்டியைக் கேலி செய்தார். டார்வின் சீறிவிட்டார். அப்படி நினைப்பவன் தன் ஊருக்கே போகலாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை 7 மணி. வில்லியமின் படுக்கையில் வந்து உட்கார்ந்தார் தகப்பனார். கோபமாகப் பேசிவிட்டோமே என்று இரவெல்லாம் தூக்கமே வரவில்லை என்றார்.

பேரன் வந்தான்

1876-ம் ஆண்டு கோடையில் டார்வின் தம் வாழ்க்கையை எழுதினார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எழுதினார். தம் தாத்தா இப்படி ஒன்றை எழுதி வைத்திருந்தால் எவ்வளவு ஆசையாகப் படித்திருப்போம் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்குப் பேரன் யாரும் இல்லை. மகன் பிரான்சிசின் மனைவி ஆமி கர்ப்பமாக இருந்தாள்.

ஆமி நல்ல பெண். பூச்சி தின்னும் செடிகளின் இலைகளைப் பறித்து அனுப்பி, மாமனாரின் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தவள்.

செப்டம்பர் 7-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. நாலாம் நாள் ஆமி இறந்தாள்.

இடிந்துபோன மகனையும் தாயில்லாக் குழந்தையையும் டார்வினும் எம்மாவும் தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார்கள். தாத்தாவுக்கு 67 வயது. பாட்டிக்கு 68. பிள்ளைகள் வளர்ந்து அமைதியாகிவிட்ட வீட்டில் மறுபடி தொட்டில். எம்மா இன்னொரு முறை தாயானார். தகப்பனாரின் ஆராய்ச்சியில் உதவி செய்து பிரான்சிஸ் துக்கத்தை ஆற்றிக்கொண்டார்.

பேரன் பெயர் பெர்னார்டு. அவன் தவழ்ந்து நடந்த காலத்தில் வீட்டில் மண்புழு ஆராய்ச்சி நடந்தது. மண் நிரப்பிய சட்டிகளில் புழுக்கள். அவற்றுக்குக் காது கேட்குமா என்று சோதனை! விசில் ஊதிப் பார்த்தார்கள். புழு அசையவில்லை. பெரிய குழல் வாத்தியம் ஊதினார்கள். அதற்கும் அசையவில்லை. சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டினால், அதிர்ச்சி தாக்கி வளைக்குள் ஓடிப்போயின! 1881-ல் வெளிவந்த மண்புழு நூலில் இதெல்லாம் இருக்கிறது. பெர்னார்டு வளர்ந்து, கோல்ப் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதில் இங்கிலாந்திலேயே பேர் வாங்கினார்.

பெட்டியில் இருந்தவை

1882-ம் ஆண்டு தொடக்கத்தில் டார்வினுக்கு மார்வலி வந்தது. ஏப்ரல் 19-ந் தேதி மாலை, எம்மாவும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க உயிர் பிரிந்தது. தமக்குச் சாவைப் பற்றிப் பயம் இல்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். எவ்வளவு நல்ல மனைவியாக இருந்தார் என்பதையும் சொல்லியிருந்தார்.

உள்ளூர்க் கல்லறையில் குழந்தைகளின் பக்கத்தில் அடக்கம் செய்யவே குடும்பத்தார் நினைத்தார்கள். கிராமத்துத் தச்சர் சவப்பெட்டியும் செய்துவிட்டார். ஆனால் விஞ்ஞானிகளும் பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் வற்புறுத்தவே, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ராஜ மரியாதையோடு அடக்கம் நடந்தது. எம்மா போகவில்லை. கிராமத்து வீட்டிலேயே இருந்துவிட்டார்.

டார்வினின் சுயசரிதை 1887-ல் அச்சாயிற்று. மதத்தைப் பற்றிய காரமான சில வரிகளை எம்மாவின் விருப்பப்படி பிள்ளைகள் நீக்கினார்கள். ஹோரசின் மகள் நோரா பார்லோ 1958-ம் ஆண்டில் முழுவதையும் வெளியிட்டார். தாத்தாவைப் பார்த்திராத பேத்தி அவர். எம்மா புதுமணப் பெண்ணாக எழுதிய அந்தக் கடிதத்தையும் அதில் சேர்த்தார். கடிதத்தின் அடியில் டார்வினின் கையெழுத்து இருந்தது. தாம் இறந்த பின் எம்மா அதைப் பார்ப்பார் என்று எண்ணி எழுதியது. எத்தனையோ முறை அந்தக் கடிதத்தை முத்தமிட்டு அழுததாக அதில் சொல்லியிருந்தார்.

எம்மா 1896-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி காலமானார். அவர் பத்திரமாக வைத்திருந்த ஒரு சிறு எழுதுபெட்டி குடும்பத்தாரிடமே இருந்துவந்தது. அதைப் பற்றி டார்வினின் எள்ளுப்பேரன் ராண்டல் கெயின்ஸ் 2001-ல் ஒரு புத்தகமே எழுதினார். பெட்டிக்குள் ஒரு சிறுமியின் இறகுப் பேனாக்கள், கடிதத் தாள்கள், பாதி போட்ட தையல், மடித்த தாளில் ஒரு கொத்துத் தலைமயிர். பேனா முனையில் மை காய்ந்திருந்தது. 45 ஆண்டுகள் ஆன்னியின் பெட்டி அப்படியே தாயாரிடம் இருந்திருக்கிறது.